தோழியில்லாக் குறிஞ்சி: 'கொட்டுக்காளி' திரைப்படமும் காண்போர் ஏற்பும்

சொல்லின்மையும் சொல்லாமையும் ஒன்றல்ல. பேசுதற்குரிய சூழலே இல்லாத நிலை முன்னது. வாயும் மொழியும் கேட்போரும் இருந்தும் ஒருவர் தம் சொல்லைத் தம்மிடமே நிறுத்திக்கொள்வது பின்னது. அகப்பாடல் பயின்றோர் இவ்வேறுபாட்டை எளிதின் உணர்வர். திரைப்படம் பற்றிய நம் எழுத்துக்களில் அஃது இன்னும் தெளிவுபெறவில்லை. உரையாடல் அருகிய படம் ஒன்று வெளிவரின் அதற்கு 'மௌனப் படம்' என்று பொதுப்பெயர் ஒன்றை இட்டுவிடுகிறோம். காண்போர் அதனை வேண்டாமென்று எழுந்துபோயின், நம் மக்கள் பொறுமையிலர் என்று தீர்ப்பும் வழங்கிவிடுகிறோம். இத்தீர்ப்பு பொருந்துமா என்பதை, 2024 ஆகஸ்டு 23ஆம் நாள் திரையரங்குகளுக்கு வந்த 'கொட்டுக்காளி' என்னும் படத்தை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரை.

படத்தின் இயக்குநர் பி. எசு. வினோத்ராசு. இவரது முதற்படமாகிய 'கூழாங்கல்' 2021இல் நெதர்லாந்து நாட்டு இராட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது பெற்றது. தமிழ்ப்படங்களுள் அவ்விருதை முதற்கண் பெற்றது அதுவே. குடிகாரத் தந்தையும் பள்ளிச் சிறுவனும் வெயிலில் நடந்துசெல்வதன்றி அதன்கண் கதையென்று பெரிதாக ஒன்றும் இல்லை. நீர்வேட்கை தாங்கச் சிறுவன் ஒரு கூழாங்கல்லை வாயிலிட்டுக்கொள்வான். கல் கிடக்கும் வாய் பேசாது. இரண்டாம் படத்தின் வித்து அவ்வாயிலேயே கிடந்தது எனலாம். 'கொட்டுக்காளி' 2024 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவின் 'ஃபோரம்' பிரிவில் முதன்முதல் காட்டப்பெற்றது. சூரியும் அன்னா பென்னும் முதன்மை மாந்தராக நடித்தனர். பின்னணி இசை அறவே இல்லை.

கதை ஒரே நாளில் நிகழ்வது. மீனா என்னும் பெண் படித்தவள்; முறைமாமனாகிய பாண்டிக்கென்று பேசிவைக்கப்பட்டவள். தாழ்த்தப்பட்ட குலத்து இளைஞன் ஒருவன்மேல் அவள் மனம்வைத்தாள். அவன் ஏதோ மருந்திட்டு, மந்திரித்து அவளை மயக்கிவிட்டான் என்று நம்புகின்றனர் உறவினர். அதனைக் கழிக்கும்பொருட்டு அவளை ஆட்டோவில் ஏற்றி, ஆண்கள் இருசக்கர வண்டிகளில் சூழ்ந்துவர, குறிசொல்லும் பூசாரி ஒருவனிடம் கொண்டுசெல்கின்றனர். பலிக்கென ஒரு சேவலும் உடன்வருகிறது. வழிநெடுக ஏதேதோ தடை. அத்தடைகளே படம். மீனா ஏறத்தாழ ஒன்றும் பேசுவதில்லை. ஏனையோர் ஓயாது பேசுகின்றனர். 'கொட்டுக்காளி' என்பது மதுரைப் பக்கத்துப் பேச்சுவழக்கு. பிடிவாதக்காரி என்று பொருள்படும்.

தமிழ்நாட்டு மக்கள் பேச்சற்ற படத்தை ஏலார் என்பது வரலாற்றுக்கு மாறானது. பேசாப்படக் காலத்தை விட்டுவிடினும், சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிக் கமலகாசனும் அமலாவும் நடித்த 'பேசும் படம்' 1987இல் வந்தது. தொடக்கமுதல் முடிவுவரை உரையாடல் இல்லாத அப்படத்தை மக்கள் மகிழ்ந்து கண்டனர். காரணம் வெளிப்படை. அப்படத்தின் உலகம் முழுவதும் பேசாத உலகம். ஆங்கு எவரும் எதனையும் ஒளிக்கவில்லை. சொல்லிற்குப் பதிலாக மெய்ப்பாடு நின்று கதையைச் செவ்வனே நடத்திச்செல்கிறது. காண்போர் முதற் சில நிமிடங்களில் அம்மரபைக் கற்றுக்கொண்டு பின்னர்ச் சிரிக்கத் தொடங்கிவிடுகின்றனர். அது சொல்லின்மை. 'கொட்டுக்காளி'யில் உள்ளதோ சொல்லாமை. ஒருத்தி மட்டும் வாய்திறவாமல் இருக்கிறாள். அவள் சொல்லவேண்டியது யாதென்பது வண்டியில் உள்ளோர்க்கும் தெரியும், திரைக்கு முன் உள்ளோர்க்கும் தெரியும். தெரிந்ததனை ஒருவர் சொல்லாதிருப்பதைப் பார்த்துக்கொண்டிருத்தல் எளிதன்று.

கனவுபோலும் நிகழ்ச்சியமைப்பும் தனித்ததொரு சிக்கல். ஜான் ஆபிரகாம் இயக்கிய 'அக்கிரகாரத்தில் கழுதை' (1977) இங்கு நினைக்கத்தக்கது. அதன்கண்ணும் ஊமைப்பெண் ஒருத்தி உண்டு. கொல்லப்பட்ட கழுதை மீளத் தோன்றுவதும் இறுதியில் தீப்பற்றுவதும் நனவுலக நெறிக்கு அடங்காதவை. தமிழ்ப்பட வரிசையில் தேசிய விருது பெற்றும் அது பொதுமக்கள் பார்வைக்கு வாராதே கிடந்தது. 1989இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்புவதாக இருந்ததும் கடைசி நேரத்தில் கைவிடப்பட்டது. அதே 1977இல் அமெரிக்காவில் டேவிட் லிஞ்ச் வெளியிட்ட 'இரேசர்கெட்' சொல்லருகிய கொடுங்கனவு. அதனை முதலில் கண்டோர் மிகச் சிலர். ஆயினும் நள்ளிரவுக் காட்சிகளில் பலகாலம் ஓடி ஓடித் தனக்கென ஒரு கூட்டத்தை அது தேடிக்கொண்டது. ஒரு படம் தன் காண்போரைத் தேடிக்கொள்ளுதற்குக் காலமும் இடமும் வேண்டும். நம்மிடையே அவ்விடம் இல்லை. வெள்ளிக்கிழமை வந்த படத்தின் விதி ஞாயிறு மாலைக்குள் முடிந்துவிடுகிறது. 'கொட்டுக்காளி' மேற்கூறிய இரண்டையும் போன்று வெளிப்படையான கனவுப்படம் அன்று. ஆயினும் அதன் நிகழ்ச்சிகள் காரணகாரியத் தொடரால் இணையாமல், கனவில் வழி நீளுமாறுபோல நீள்கின்றன. ஊருக்குப் புறப்பட்டு ஊரை அடையாத கனவு யாவரும் கண்டதே.

இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர். முன்னது நூலாலை நகர். பின்னது கோயில் நகர். இவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து வரும் முதுகலை மாணாக்கரும் அவர்தம் வீட்டாரும் இப்படத்தைக் கண்டு கூறியவற்றை ஒருவாறு தொகுத்துச் சொல்லலாம். மதுரைச் சீமையின் பேச்சும் குறிகேட்கும் வழக்கமும் இவர்க்கு அயலல்ல. ஆதலின் 'புரியவில்லை' என்று கூறினார் எவரும் இலர். புரிந்தமையே அவர்தம் இடர்ப்பாடு. ஆலையில் பணிபுரியும் ஒருவர், "அந்தப் பிள்ளை வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சு போகும்?" என்று சினந்தார். சிறிது நேரங்கழித்து அவரே, "சொன்னா மட்டும் விட்டுருவாங்களா" என்றார். முதற்கூற்று மீனாவின்மேல் எழுந்த சினம். இரண்டாவது அவளுக்கு அவர் தேடித்தந்த விளக்கம். இரண்டிற்கும் நடுவே அவர் செய்ததே இப்படம் வேண்டிய திறனாய்வு.

இளைஞர் சிலர் தொடக்கத்தில் சிரித்தனர். அஃதும் இயல்பே. 2009இல் வந்த 'வெண்ணிலா கபடி குழு'வில் பரோட்டா தின்று புகழ்பெற்றவர் சூரி. 2024 மே மாதத்தில் 'கருடன்' படத்தில் வீரனாக வென்றவர். அவரைத் தேடி வந்தோர் தொண்டையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, குரல்கம்மி, ஒவ்வொரு சொல்லையும் இழுத்துப் பேசும் ஒருவனைக் கண்டனர். நகைப்பார்க்கு நகைப்பு அடங்கியது, பாண்டி கைந்நீட்டியபோது. பூப்புநீராட்டு வீட்டு ஒலிபெருக்கியில் வந்த பாட்டை மீனா மெல்ல வாய்க்குள் பாடுகிறாள். அவளிடமிருந்து எழுந்த அவ்வொலி ஒன்றே அவனை வெறியனாக்கப் போதுமானதாயிற்று. அவளை அடிக்கிறான், தடுக்கவந்த பெண்டிரையும் விடவில்லை. பேசமாட்டேன் என்றதை ஒருவாறு பொறுத்தவன் பாடியதைப் பொறுக்கமாட்டாதவன் ஆயினான். அக்காட்சிக்குப்பின் அரங்கில் சிரிப்பு இல்லை என்றே பலரும் கூறினர்.

இக்கதை தமிழ் பயின்றார்க்குப் புதிதன்று. காதலால் மெலிந்த மகளின் நோய் முருகன் அணங்கியது என்று கருதி, அன்னை கட்டுவிச்சியைக் கேட்டும் வேலனை அழைத்தும் வெறியாட்டு எடுத்தல் குறிஞ்சித் திணையின் பெருந்துறை. ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய வெறிப்பத்து (241–250) முழுவதும் இதுவே. வெறிபாடிய காமக்கண்ணியார் என்று புலவர் ஒருவர்க்குப் பெயரே அமைந்தது. வேலன் கழங்கு பார்ப்பான், மறியின் குருதி சிந்துவர், களம் இழைப்பர். நோய்செய்தவன் மலைநாடன் என்பது தலைவிக்கும் தோழிக்கும் கேட்போராகிய நமக்கும் தெரியும்; வேலனுக்கும் அன்னைக்கும் மட்டும் தெரியாது. இவ்வறிவு வேறுபாட்டிலேதான் அப்பாடல்களின் சுவை இருக்கிறது. நற்றிணை 34இல் தோழி முருகனையே நோக்கி, தெய்வமேயாயினும் நீ அறிவிலாய் என்கிறாள். குறுந்தொகை 362இல் வேலனை நோக்கி, இப்பலியை இவள் தலைவனின் மார்பும் உண்ணுமோ என வினவுகிறாள். அகநானூறு 22இல் தலைவி, இரவில் வந்த காதலனால் நோய்தணிந்தபின், தொடர்பில்லாத வேலனுக்குப் புகழ்சேர்ந்ததை எண்ணித் தனக்குள் நகைத்துக்கொள்கிறாள்.

இங்கு ஒரு தடை எழும். திரையில் எதனைக் கண்டாலும் சங்கப்பாட்டை நினைவுகூர்ந்து, 'அன்றே சொன்னார் நம் முன்னோர்' என்று மகிழ்வது நம் தமிழ்த்துறைகளைப் பற்றிய ஒரு நோய். இக்கட்டுரையும் அவ்வகையதோ என்பது அத்தடை. ஒப்புமை காண்பதால் பயன் சிறிதே. ஒப்புமை எவ்விடத்து முறிகின்றது என்று காண்பதே ஈண்டு வேண்டுவது.

முறியும் இடம் தோழி. களவு வெளிப்படுதற்கு நம் இலக்கணம் ஒரு சொல்வழியை அமைத்துத் தந்தது. தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தை தமையர்க்கும் அறத்தொடு நிற்பர் என்பது களவியலுரை கூறும் முறை. தலைவி அன்னையின் முன் வாய்திறவாமல் இருக்க இயல்வது, அவள்பொருட்டுப் பேச ஒருத்தி உளள் என்பதனாலேதான். குறிஞ்சிப்பாட்டின் 261 அடியும் தோழி பேசும் பேச்சே. தலைவியின் நாணமும் வாய்வாளாமையும் அழகாவது தோழியின் நாவன்மையால். அவளை நீக்கிவிட்டால் எஞ்சுவது யாது? வேலன், மறி, களம், சுற்றத்தார், நடுவே பேசாத ஒரு பெண். அதுவே 'கொட்டுக்காளி'.

வண்டியில் பெண்கள் பலர் உளர், தாயும் உளள். ஒருத்தியும் தோழி அல்லள். சொல்வழியும் தலைகீழாகிவிட்டது. குறிப்பான் இறுதியில் உணரவேண்டிய தந்தையும் தமையரும் முதலிலேயே அறிந்துவிட்டனர். அறிந்தபின்னரும் வெறியெடுக்கச் செல்கின்றனர். பழைய அன்னை அறியாமையால் வேலனை அழைத்தாள். இவர்கள் அறிந்தே அழைக்கின்றனர். நோய் இன்னதென்று தெரியாத வெறியாட்டில் நகைப்பிற்கு இடமுண்டு. குலவேறுபாட்டைப் பேய் என்று பெயர் மாற்றிக்கொண்டு செய்யும் வெறியாட்டில் நகைப்பு எங்ஙனம் எழும்? மலைநாடன் வரைவொடு வருவான் என்பதைச் சங்கப்பாட்டின் கேட்போர் ஐயுறுவதில்லை. இங்கு அவ்விளைஞன் உயிரோடிருப்பான் என்பதற்கே உறுதியில்லை. அண்மைக்கால நாளிதழ் படித்த எவரும் அவ்வச்சத்தோடுதான் இப்படத்தைக் காண்பர்.

தோழியின் இருக்கை வெறுமையாகக் கிடப்பதனால் காண்போர் அதில் அமர்த்தப்படுகின்றனர். உண்மையை அறிந்தவரும், வண்டியில் உள்ளார்க்கு அதனைச் சொல்லமாட்டாதவரும் அவரே. பின்னணி இசையேனும் இருந்தால் அது தோழிபோல் நின்று, இவள் துயருறுகின்றாள் என்று நமக்குச் சொல்லியிருக்கும். அதனையும் இயக்குநர் நீக்கிவிட்டார். அரங்கில் பலர் உடல் நெளிந்தமைக்கும், "யாராவது சொல்லுங்களேம்ப்பா" என்று இருட்டில் ஒருவர் முணுமுணுத்தமைக்கும் இதுவே காரணம் என்பது என் துணிபு. அது பொறுமையின்மை அன்று. சொல்லவேண்டியதை அறிந்தார்க்குச் சொல்லும் இடம் கிடையாமையால் உண்டாகிய வருத்தம்.

திருவில்லிபுத்தூர்க்காரர் இவ்வெற்றிருக்கையை வேறொரு வகையிலும் அறிவர். தமிழ்நாட்டில் திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, திருவில்லிபுத்தூர் ஆகிய மூன்று திருப்பதிகளில் அரையர் சேவை நின்று நிலவுகிறது. அதன்கண் முத்துக்குறி என்பது ஒரு பகுதி. திருமங்கையாழ்வாரின் திருநெடுந்தாண்டகத்துப் பதினோராம் பாட்டை அடியாகக் கொண்டது அது. மகள் மெலிவு கண்ட தாய் கட்டுவிச்சியைக் கேட்கிறாள். கட்டுவிச்சி முத்துக்களைப் பரப்பிப் பார்த்து, இந்நோய் செய்தவன் கடல்வண்ணனே என்று கூறுகிறாள். கூம்பிய குல்லாயும் கைத்தாளமும் கொண்ட அரையர் ஒருவரே தாயாகவும் மகளாகவும் கட்டுவிச்சியாகவும் நின்று நடிக்கிறார். ஆங்கே குறி பொய்ப்பதில்லை. நம்மாழ்வார் திருவாய்மொழியில் (4:6) தோழியே வந்து, கள்ளும் இறைச்சியும் கொண்டு செய்யும் வெறி இவள் நோய்க்கு மருந்தன்று என விலக்குகிறாள். பத்தி இலக்கியம் வெறியாட்டை எடுத்துக்கொண்டு, குறிசொல்வாளையும் தோழியையும் உண்மையின் பக்கம் நிறுத்திவிட்டது.

அதனினும் பெரிது ஆண்டாள் செய்தது. மானிடவர்க்கென்று தன்னைப் பேசினால் உயிர்வாழேன் என்னும் கருத்தை அவள் எவர் வாயிலாகவும் கூறவில்லை. நாச்சியார் திருமொழியில் தானே கூறினாள். தன் மணக்கனவையும் தோழிக்குத் தானே பத்துப்பாட்டில் விரித்துரைத்தாள். தன் கணவன் யாவன் என்பதைத் தானே தேர்ந்து வாய்விட்டுச் சொன்ன அப்பெண்ணை ஆடிப்பூரத்தன்று தேரிலேற்றி ஆயிரவர் கூடி வடம்பிடிக்கின்றனர். அத்தேர் கண்டு திரும்பும் ஊர்களில் மீனாக்கள் வாய்திறவாமல் இருக்கின்றனர். மாணவி ஒருத்தி இதனை வகுப்பில் கூறியபோது எவரும் மறுமொழி கூறவில்லை, யானும் கூறவில்லை.

படத்தின் உருக்களைப் பற்றி ஒரு சொல். கயிற்றால் கட்டுண்ட சேவலே மீனா என்று பலர் எழுதினர். அஃது உள்ளுறை ஆகாது. உள்ளுறையில் கருப்பொருளின் தொழில் தலைமக்கள் தொழிலோடு பொருந்திவரல் வேண்டும். சேவல் துடிக்கிறது, தப்பியோட முயல்கிறது. மீனா துடிக்கவில்லை, ஓடவும் இல்லை. வெளியே ஒன்று துள்ள உள்ளே ஒருத்தி அசையாதிருக்கும் முரணே அங்குப் பொருள். ஆதலின் இறைச்சி என்பதே தகும். இதனினும் சிறந்தது எருதுக் காட்சி. வழிமறித்து நின்ற எருதை ஆண்கள் அத்துணைப்பேரும் அசைக்கமாட்டாமல் நிற்க, எங்கிருந்தோ வந்த சிறுமி ஒருத்தி அதனை ஓட்டிச்செல்கிறாள். விளக்கவுரை ஏதும் இல்லை. படம் மேலே செல்கிறது. தொண்டை கம்மிய பாண்டியையும் இவ்வரிசையில் வைக்கலாம். பேசும் அதிகாரம் உடையவன் குரலை இழந்திருக்கிறான். குரல் உடையவள் அதனைத் தாராதிருக்கிறாள்.

குறையும் உண்டு. தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருந்தோறும், இதற்கும் ஒரு குறிப்பு இருத்தல் வேண்டும் என்று காண்போர் தேடத் தொடங்கிவிடுகின்றனர். தேடவைத்த குறிப்பு பாதி குறிப்பே. இன்னொன்று பெரிது. சங்கத் தலைவி ஒரு பாட்டில் வாய்மூடினும் மறுபாட்டில் தோழியொடும் நெஞ்சொடும் பேசுவாள். பல துறைகள் கூடி அவளை நமக்கு முழுமையாக்கும். மீனாவுக்கு வேறு பாட்டு இல்லை. அவள் மறுக்கிறாள் என்பதை அறிகிறோம். விரும்பியதை எவ்வாறு விரும்பினாள் என்பதை அறியோம். அவள் வாய்மூடியது சுற்றத்தார்க்கு எதிரான படைக்கலம் என்பது உண்மை. இயக்குநர்க்கு அது எளிய புகலிடமாகவும் அமைந்துவிட்டதோ என்னும் ஐயம் எனக்கு நீங்கவில்லை.

முடிவே மிகுதியும் பழிக்கப்பட்டது. பூசாரியின் இடத்தை அடைகின்றனர். அங்கே முன்னரே வந்திருந்த வேறொரு பெண்ணுக்குப் 'பேய் ஓட்டுதல்' நடக்கிறது. பூசாரியின் கை செல்லக்கூடாத இடத்துச் செல்வதைப் பாண்டி நின்று பார்க்கிறான். அடுத்து மீனாவின் முறை. அவன் என்ன செய்வான் என்பதைக் காட்டாமலே படம் நின்றுவிடுகிறது. "கரண்டு போயிருச்சா?" என்று கேட்டவரும் உளர். தொல்காப்பியர் செய்யுள் உறுப்புக்களுள் எச்சம் என்று ஒன்றை வைத்தார். சொல்லாலோ குறிப்பாலோ கேட்போன் முடித்துக்கொள்ளுமாறு எஞ்சி நிற்பது அது. நாடோறும் வகுப்பில் நாம் அதனைப் பாடஞ்சொல்கிறோம். இம்முடிவு குறிப்பெச்சம். அதுவரை இல்லாத தோழியின் இடம் அக்கணத்தில் பாண்டிக்கு முன் வந்து நிற்கிறது. கண்டதை அவன் ஒருவனே சொல்லமுடியும். அவன் தொண்டையோ கம்மியது. அறத்தொடு நிற்பானா என்பதே எஞ்சிய வினா.

அவ்வினாவுக்கு விடைதருமாறு மாணாக்கரையும் அவர்தம் வீட்டாரையும் கேட்டேன். ஆடவர் பெரும்பாலோர், பாண்டி மனம்மாறி அவளை வண்டியிலேற்றித் திரும்பிப் போயிருப்பான் என்றனர். பெண்டிர் அவ்வாறு கூறவில்லை. வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவியின் தாய், "அவ பேரக் கூப்பிட்டிருப்பாங்க" என்று மட்டும் சொன்னார்.